குறுக்கு அளவு

தட்டாஞ்சாவடியில் எங்கள் தாத்தா வாங்கிப்போட்ட மனைக்கு நான்கு பக்கமும் அளவு உண்டு. கிழக்கிலும் மேற்கிலும் 60 அடி, வடக்கிலும் தெற்கிலும் 40 அடி. அறுபதை நாற்பதால் பெருக்கினால் 2400 சதுர அடி. இந்த எண் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் மனப்பாடம். பாட்டிக்குக்கூடத் தெரியும்.

தாத்தா போன பிறகு மனையை அப்பாவும் சித்தப்பாவும் பிரித்துக்கொள்வது என்று பேச்சு வந்தது. சித்தப்பா ஒரு தனியார் சர்வேயரைக் கூட்டிவந்தார். முக்காலியில் கருவியை நிறுத்தி அரை மணி நேரத்தில் அளந்துவிட்டுப் போனார். இரண்டு நாள் கழித்துத் தாள் வந்தது. அதில் நான்கு மூலைகளின் ஆயத்தொலைகள் இருந்தன, கடைசியில் மொத்தப் பரப்பு இருந்தது: 2 ஆர் 15 சென்டியார் சொச்சம். அடியில் சொன்னால் சுமார் 2320 சதுர அடி.

"எண்பது அடி எங்க போச்சு?" என்று கேட்டார் சித்தப்பா.

கேள்வி சர்வேயரைப் பார்த்துக் கேட்கப்படவில்லை, அப்பாவைப் பார்த்து. மனையில் குடியிருந்தது நாங்கள்தான். மேற்கு மதில் விழுந்தபோது திருப்பிக் கட்டியது அப்பா. பக்கத்து மனைக்காரரோடு நல்ல பழக்கம் வேறு. எண்பது சதுர அடி என்பது ஒரு சின்ன சமையலறை. அதற்காக அண்ணன் தம்பி இரண்டு பேரும் இரண்டு வருஷம் பேசிக்கொள்ளவில்லை.

நான் பொறியியல் படித்தவன். அந்தத் தாளில் இருந்த ஆயத்தொலைகளில் இருந்து பக்கங்களையும் கோணங்களையும் கணக்கிட்டுப் பார்க்க ஐந்து நிமிடம் போதும். நான் போட்டுப் பார்க்கவில்லை. அப்பா பக்கம் நின்று சண்டை போட்டேன். இந்தக் கட்டுரையை எழுதுவதற்கு அந்த வெட்கமும் ஒரு காரணம்.

ஆறில் மூன்று

முக்கோணத்துக்கு மூன்று பக்கம், மூன்று கோணம், ஆக ஆறு உறுப்புகள். இரண்டு முக்கோணங்களில் ஆறும் ஆறோடு பொருந்தினால் அவை சர்வசமம். ஆனால் ஆறையும் சரிபார்க்க வேண்டியதில்லை, சரியான மூன்றைப் பார்த்தால் போதும் என்பதுதான் ஒன்பதாம் வகுப்பில் எங்களுக்குச் சொல்லித்தரப்பட்ட விஷயம். ப-ப-ப, ப-கோ-ப, கோ-ப-கோ, செங்கோண முக்கோணத்துக்கு மட்டும் செ-க-ப. பாண்டிச்சேரியில் அப்போது எங்களுக்குத் தமிழ்நாட்டுப் பாடத்திட்டம்தான். கணக்கு வாத்தியார் இந்த நான்கையும் பெருக்கல் வாய்ப்பாடு மாதிரி ஒப்பிக்க வைத்தார்.

ஒரு தேர்வில் நான் 'ப-ப-கோ' என்று ஒன்றை எழுதி மதிப்பெண் இழந்தேன். இரண்டு பக்கம், ஒரு கோணம், மூன்றுதானே? ஆனால் கோணம் இரண்டு பக்கங்களுக்கும் நடுவில் இல்லை. காகிதத்தில் போட்டுப் பார்த்தால் கோளாறு தெரியும். ஒரு கோணத்தை வரைந்து, அதன் ஒரு கையில் முதல் பக்கத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அதன் நுனியில் கவராயத்தை ஊன்றி, இரண்டாம் பக்க அளவுக்குத் திறந்து வீசினால், அந்த வில் கோணத்தின் மறு கையை இரண்டு இடத்தில் வெட்டக்கூடும். இரண்டு வெவ்வேறு முக்கோணங்கள், கொடுத்த அளவுகளோ ஒன்றே. அளவு சரியாக இருப்பது வேறு, அளவு போதுமானதாக இருப்பது வேறு. வாத்தியார் இதை வரைந்து காட்டவில்லை. "ப-ப-கோ கிடையாதுடா" என்று ஒரு சிவப்புக் கோடு போட்டார், அவ்வளவுதான்.

எங்கள் தெருவிலேயே என் வயது நண்பன் ஒருவன் பிரெஞ்சு லிசேயில் படித்தான். அவன் தாத்தா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர். பாண்டிச்சேரியில் 'சொல்தா' குடும்பம் என்றால் புரியும். ஒருநாள் என் வீட்டுப்பாடத்தைப் பார்த்துவிட்டு, "இது என்னாது, ப-கோ-ப?" என்றான். அவன் புத்தகத்தில் இந்த விதிகளே இல்லை. இந்தக் கோட்டைக் கண்ணாடியாக வைத்துப் பிரதிபலித்தால் இந்த முக்கோணம் அதன் மேல் போய் உட்காரும், இந்தப் புள்ளியைச் சுற்றித் திருப்பினால் இது அதுவாகும் என்கிற மாதிரி அவன் எழுதிக்கொண்டிருந்தான். ஒரே தெரு, ஒரே வயசு, ஒரே முக்கோணம், ஆனால் இரண்டு வடிவியல். அது ஏன் என்று எனக்குப் புரிய இருபது வருஷம் ஆனது.

தூக்கி வைப்பது

கதை கிரேக்கத்தில் தொடங்குகிறது. கடலில் நிற்கும் கப்பல் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று கரையில் இருந்தபடியே தேல்ஸ் சொன்னார் என்பார்கள். அதற்குக் கோ-ப-கோ தேவைப்பட்டிருக்கும், ஆகவே அந்தத் தேற்றம் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று யூடெமஸ் கருதியதாகப் பிற்காலத்தில் புரோக்ளஸ் எழுதினார். கப்பலிடம் போக முடியாது. ஆனால் கரையில் ஒரு கோட்டை அளக்கலாம், அதன் இரு முனைகளில் இருந்தும் கப்பலைப் பார்க்கும் கோணங்களை எடுக்கலாம். அதே அளவில் தரையின் மேல் இன்னொரு முக்கோணத்தைப் போட்டால், அதில் நடந்து அளக்கலாம். போக முடியாத இடத்தை, போகக்கூடிய இடத்தில் இன்னொரு முறை உண்டாக்குவது. சர்வசமம் என்கிற கருத்தின் முழுப் பயனும் இதுதான்.

பொ.மு. 300 வாக்கில் யூக்ளிட் இவற்றை ஒழுங்குபடுத்தினார். 'எலிமெண்ட்ஸ்' முதல் புத்தகத்தின் 4-ஆம் கூற்று ப-கோ-ப, 8-ஆவது ப-ப-ப, 26-ஆவது கோ-ப-கோ. 4-ஆம் கூற்றை அவர் நிறுவிய விதம்தான் விசித்திரம். ஒரு முக்கோணத்தை எடுத்து மற்றதன் மேல் வையுங்கள் என்கிறார். பக்கம் பக்கத்தின் மேல் விழும், கோணம் கோணத்தின் மேல் விழும், ஆகவே மற்றவையும் பொருந்தும். எளிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் வடிவத்தை 'எடுத்து வைக்கலாம்' என்று அவருடைய எந்த அடிப்படைக் கோட்பாடும் சொல்லவில்லை. எடுக்கும்போது அது நெளியாது என்பதற்கு என்ன உத்தரவாதம்? யூக்ளிடுக்கே இதில் கூச்சம் இருந்திருக்கும் போல. 4-லும் 8-லும் பயன்படுத்திய பிறகு, 26-ல் எளிதாகப் பயன்படுத்தியிருக்கக்கூடிய இடத்தில்கூட இந்த உத்தியைத் தொடவில்லை. 1557-இல் ழாக் பெலெத்தியே என்ற பிரெஞ்சுக்காரர் இது கணிதமில்லை, கைவேலை என்று ஆட்சேபித்தார். கடைசியில் 1899-இல் ஹில்பர்ட் ப-கோ-ப-வின் சாரத்தை நிறுவ முயலாமல், அதை ஓர் அடிப்படைக் கோட்பாடாகவே வைத்துவிட்டார். நிரூபணம் கேட்காதே என்று எங்கள் வாத்தியார் சொன்னது ஒருவகையில் ஹில்பர்ட்டின் நிலைப்பாடுதான். அது அவருக்குத் தெரிந்திருக்காது.

கணிதவாதிகளின் இந்தச் சண்டை நிலத்தை அளப்பவருக்கு வேறு மாதிரி முக்கியம். காகித முக்கோணத்தை வெட்டி எடுத்து மற்றதன் மேல் வைக்கலாம். மனையை எடுத்து வைக்க முடியாது. கடலையும் முடியாது, வானத்தையும் முடியாது.

பாண்டிச்சேரியில் ஒரு மேகம்

வானத்து முக்கோணம் ஒன்றுக்காகவே ஒரு மனிதர் பாண்டிச்சேரிக்கு வந்தார். கியோம் லெ ழாந்தி, பிரெஞ்சு வானியலாளர். பூமிக்கும் சூரியனுக்கும் நடுவில் வெள்ளிக் கோள் கடந்து போகும் நிகழ்வைப் பூமியின் வெவ்வேறு இடங்களில் இருந்து கவனித்தால் சூரியனின் தூரத்தைக் கணக்கிடலாம் என்று 1716-இல் எட்மண்ட் ஹாலி சொல்லியிருந்தார். தத்துவம் தேல்ஸின் கப்பல்தான். இங்கே அடிக்கோடு பூமியின் மேல் இருக்கும் இரண்டு ஊர்களுக்கு இடையிலான தூரம். கோண வேறுபாடு மிகச் சிறியது, நேரடியாக எடுப்பது கடினம். அதனால் வெள்ளி சூரியத் தட்டைக் கடக்கும் நேரத்தை வைத்து அதைக் கண்டுபிடிக்க வேண்டும்.

1760-இல் பிரான்சில் இருந்து கிளம்பிய லெ ழாந்தி, பாண்டிச்சேரி ஆங்கிலேயர் கைக்குப் போய்விட்டதால் கரையிறங்க முடியாமல் 1761 ஜூன் 6-ஆம் தேதி நடுக்கடலில் இருந்தார். வானம் தெளிவாக இருந்தது, கப்பல்தான் ஆடிக்கொண்டிருந்தது. ஆடும் தளத்தில் இருந்து எடுத்த அளவுக்கு மதிப்பில்லை. ஊருக்குத் திரும்பாமல் எட்டு வருஷம் காத்திருந்தார். மணிலா போனார், அங்கிருந்து 1768-இல் பாண்டிச்சேரிக்கு வந்தார். அதற்குள் ஊர் பிரெஞ்சுக்காரருக்குத் திரும்பியிருந்தது. ஆளுநர் லா த லொரிஸ்தோன் உதவியோடு இடிந்த கோட்டையின் மேல் ஒரு வானாய்வுக் கூடம் எழுந்தது. 1769 ஜூன் 4 காலை, வெள்ளி கடக்க வேண்டிய நேரத்தில், மேகம் மூடிக்கொண்டது. எல்லாம் முடிந்த பிறகு வெயில் வந்தது. அவர் விட்டுவந்த மணிலாவில் அன்று வானம் சுத்தம்.

1771-இல் பிரான்ஸ் திரும்பியபோது இறந்துவிட்டதாக முடிவுகட்டி உறவினர்கள் அவர் சொத்தைப் பங்குபோடத் தொடங்கியிருந்தார்கள். சொத்துக்காக அவர் நீதிமன்றப் படியேற வேண்டியிருந்தது. இந்த இடத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு எங்கள் மனை ஞாபகம் வரும்.

ஆனால் பாண்டிச்சேரியில் அவர் சும்மா இருக்கவில்லை. இங்கிருந்த தமிழ் வானியல் கணிதர்களிடம் கிரகணம் கணிக்கும் முறையைக் கற்றார். 1765 ஆகஸ்ட் 30 சந்திர கிரகணத்தின் கால அளவை அவர்கள் முறைப்படி போட்டபோது 41 வினாடி குறைந்தது. ஐரோப்பாவில் சிறந்ததாகக் கருதப்பட்ட டோபியாஸ் மேயரின் அட்டவணைப்படி 68 வினாடி கூடியது.

சங்கிலியும் சோழியும்

எங்கள் ஊர்ப் பத்திரங்களில் சென்ட், ஏக்கருக்குப் பதில் ஹெக்டேர், ஆர், சென்டியார் என்று இருக்கும். கூடவே கதாஸ்தர் எண் என்று ஒன்று. பிரெஞ்சு ஆட்சியின் மிச்சம். ஒரு சென்டியார் ஒரு சதுர மீட்டர். அந்த மீட்டரே முக்கோணங்களில் இருந்து பிறந்தது. பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் துன்கெர்க்கில் இருந்து பார்சிலோனா வரை தெலாம்பரும் மெஷேனும் முக்கோணம் முக்கோணமாக அளந்துபோய், வட துருவத்தில் இருந்து நிலநடுக்கோடு வரையான தூரத்தில் ஒரு கோடியில் ஒரு பங்கை மீட்டர் என்று நிர்ணயித்தார்கள். அதே காலத்தில், 1794-இல், லெழாந்த்ரின் வடிவியல் பாடநூல் வெளிவந்தது. முக்கோண வலைகளைக் கணக்கிடும் வழிமுறைகளில் கைதேர்ந்த அவரே பள்ளிப் பிள்ளைகளுக்கும் முக்கோணம் சொல்லிக்கொடுத்தார்.

இந்தப் பக்கம், ஆங்கிலேயரின் சென்னையில், 1802 ஏப்ரலில் வில்லியம் லாம்டன் பரங்கிமலைக்குப் பக்கத்தில் அடிக்கோடு அளக்கத் தொடங்கினார். நீளம் சுமார் ஏழரை மைல், ஆன நாள் 57. நூறு அடி இரும்புச் சங்கிலி, சீனப் பேரரசருக்குப் பரிசாகப் போய் வேண்டாம் என்று திருப்பி அனுப்பப்பட்டது. அந்த ஒரு கோட்டை மட்டும் உயிரைக் கொடுத்து அளந்தால் போதும். அதன் இரு முனைகளில் இருந்து தொலைவில் ஒரு குன்றையோ கோபுரத்தையோ பார்த்துக் கோணம் எடு. கோ-ப-கோ-வின்படி முக்கோணம் தீர்மானமாகிவிட்டது, மற்ற இரு பக்கங்களையும் கணக்கிட்டுக்கொள்ளலாம். அவற்றில் ஒன்று அடுத்த முக்கோணத்துக்கு அடிக்கோடு. இப்படியே முக்கோணத்தின் தோளில் முக்கோணம் ஏறி நாடு முழுக்கப் போனது. பூமி உருண்டை என்பதால் திருத்தம் வேண்டும். உருண்டையின் மேல் முக்கோணத்தின் மூன்று கோணங்களைச் சொன்னாலே அளவும் தீர்மானமாகிவிடும், தட்டைக் காகிதத்தில் அப்படி இல்லை. அதையும் சேர்த்தே கணக்கிட்டார்கள்.

லாம்டனின் அரை டன் தியோடலைட் இங்கிலாந்தில் இருந்து வந்தபோது அந்தக் கப்பலைப் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்து மொரீஷியசுக்குக் கொண்டுபோனார்கள். பெட்டியில் இருப்பது அறிவியல் கருவி என்று தெரிந்ததும் அங்கிருந்த ஆளுநர் அதைச் சென்னைக்கு அனுப்பிவைத்தார். போர் நடந்துகொண்டிருந்த காலம் அது. 1808-இல் தஞ்சைப் பெரிய கோயிலில் மேலே ஏற்றும்போது கயிறு நழுவிச் சுவரில் மோதி அதே கருவி சிதைந்தது. லாம்டன் கூடாரத்தில் அடைந்துகொண்டு ஆறு வாரம் தானே தட்டித் தட்டிச் சரிசெய்தார்.

லாம்டனின் முதல் உதவியாளர்களில் ஒருவர் ஜான் வாரன். பெயர்தான் ஆங்கிலம், ஆள் பிரெஞ்சுப் பிரபு குடும்பம். பிற்காலத்தில் பாண்டிச்சேரியில் வாழ்ந்து 1830-இல் இங்கேயே இறந்தார். 1825-இல் சென்னையில் வெளியான அவருடைய 'கால சங்கலித' நம் பஞ்சாங்க முறைகளைப் பற்றிய பெரிய நூல். அதில் பாண்டிச்சேரிப் பஞ்சாங்கக்காரர் ஒருவர் வருகிறார். தரையில் சோழிகளை அடுக்கியும் நகர்த்தியும், வாக்கியங்களாக மனப்பாடம் செய்த அட்டவணைகளை நினைவில் இருந்து எடுத்தும், சந்திர கிரகணம் ஒன்றை வாரனுக்குக் கணித்துக் காட்டினார். 1825 மே 31 இரவுக்கான கிரகணம் அது. தொடக்கத்தில் 4 நிமிடம், நடுவில் 23, முடிவில் 52 நிமிடம்தான் பிசகு. சித்தாந்தம் எதுவும் அவருக்குத் தெரியாது, நினைவாற்றல் மட்டுமே என்கிறார் வாரன்.

இந்தப் பகுதியை முதலில் படித்தபோது எனக்குப் பெருமையாக இருந்தது. பிறகு கொஞ்சம் சங்கடமாகவும் இருந்தது. நான் தினமும் செய்வது இதைத்தான். யாரோ எழுதிய நூலகத்தைக் கூப்பிட்டு, உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாமல், விடை வந்தால் அடுத்த வேலைக்குப் போய்விடுகிறேன். சோழிக்காரரிடம் வழிமுறை இருந்தது, காரணம் இல்லை. ஒன்பதாம் வகுப்பில் ப-கோ-ப ஒப்பித்த என்னிடமும் அதேதான். சோழிக்காரரின் விடையாவது கிட்டத்தட்ட சரியாக வந்தது.

இரண்டு வடிவியல்

என் நண்பனின் புத்தகத்துக்கு வருகிறேன். பிரெஞ்சுப் பள்ளிகளில் லெழாந்த்ர் காலத்தில் இருந்து நூற்றைம்பது வருஷத்துக்கு மேல் 'முக்கோணங்கள் சமமாகும் நிலைகள்' என்று இதே விதிகள்தான் நடந்தன. 1959-இல் ருவாயோமோன் என்ற இடத்தில் நடந்த கூட்டத்தில் ழான் தியெதொன்னே என்ற கணிதவியலாளர் யூக்ளிட் வெளியேற வேண்டும் என்று முழங்கினார். தொடர்ந்து வந்த 'நவீன கணித' அலையில் முக்கோணங்கள் பின்னுக்குப் போயின. அலை வடிந்த பிறகும் நடுநிலைப் பள்ளியில் பிரதிபலிப்பு, சுழற்சி, இடப்பெயர்ச்சி என்று உருமாற்றங்கள் வழியாகவே வடிவியல் சொல்லித்தரப்பட்டது. என் நண்பன் படித்தது அந்தக் காலத்தில். 2016 பாடத்திட்டத்தில் சமநிலை விதிகள் மறுபடி நடுநிலைப் பள்ளிக்குள் வந்துவிட்டன.

யோசித்துப் பார்த்தால், யூக்ளிட் கூச்சத்தோடு செய்த 'எடுத்து வைப்பது' என்ற காரியத்தைத்தான் அவன் புத்தகம் வெளிப்படையாகச் செய்தது. எப்படி எடுக்கலாம், எடுத்தால் எது மாறாது என்று முதலில் சொல்லிவிட்டு அப்புறம் வைத்தது. என் புத்தகம் ஹில்பர்ட் மாதிரி, எடுக்கவே எடுக்காதே, மூன்றைச் சரிபார் என்றது. இரண்டும் ஒரே உண்மையைச் சொல்கின்றன. இரண்டையும் ஒருவன் சேர்த்துப் படித்தால் நன்றாக இருந்திருக்கும்.

சொற்களிலும் இப்படி ஒரு பிரிவு உண்டு. நாம் சர்வசமம் என்பதை இலங்கைத் தமிழ்ப் பாடநூல்கள் ஒருங்கிசைவு என்கின்றன. 'சர்வசமம்' எல்லாம் சமம் என்று முடிவைச் சொல்கிறது. 'ஒருங்கிசைவு' ஒன்றோடொன்று பொருந்திப் போவதைச் சொல்கிறது. எனக்கு இரண்டாவதுதான் பிடித்திருக்கிறது.

டேப்

இரண்டு வருஷத்துக்குப் பிறகு, சொந்தத்தில் ஒரு பெரியவர் தலையிட்டு, ஓய்வுபெற்ற சர்வேயர் ஒருவரைக் கூட்டிவந்தார். கருவி எதுவும் இல்லை, நூறு அடி டேப் மட்டும். நான் ஒரு முனையைப் பிடித்தேன். கிழக்கு 60, மேற்கு 60, வடக்கு 40, தெற்கு 40. பத்திரத்தில் உள்ளபடியே. மதில் நகரவில்லை. சித்தப்பா முகம் மாறியது. "அப்புறம் எப்படிக் குறையும்?" என்றார்.

"இன்னும் அளக்கல தம்பி. குறுக்குப் போடணும்" என்று பெரியவர் டேப்பை வடகிழக்கு மூலையில் இருந்து தென்மேற்கு மூலைக்கு இழுத்தார். 63 அடி.

நேர்ச் செவ்வகமாக இருந்தால் 72 அடிக்குக் கொஞ்சம் மேல் வந்திருக்க வேண்டும். மனை செவ்வகமே இல்லை, சாய்ந்த இணைகரம். 40, 60, 63 பக்கங்கள் கொண்ட இரண்டு சர்வசம முக்கோணங்கள். ஒன்றின் பரப்பு சுமார் 1160, இரண்டும் சேர்ந்து 2320. யாரும் எதையும் திருடவில்லை. எண்பது அடி எப்போதுமே அங்கே இருந்ததில்லை.

முக்கோணத்துக்கு மூன்று பக்கம் சொன்னால் அது நிலைத்துவிடும். நாற்கரத்துக்கு நான்கு பக்கம் சொன்னால் அது கயிற்றுக் கட்டில் சட்டம் மாதிரி ஆடிக்கொண்டே இருக்கும். ஒரு குறுக்கு வேண்டும். எதிர்ப் பக்கங்களின் சராசரிகளைப் பெருக்குவது தோராயப் பரப்புதான் என்று 628-இலேயே பிரம்மகுப்தர் வேறுபடுத்திச் சொல்லியிருக்கிறார். நம் கொத்தனார்கள் அடித்தளம் குறிக்கும்போது இரண்டு குறுக்கும் சமமா என்று கயிறு பிடித்துப் பார்க்கிறார்கள். எங்கள் பத்திரத்தில் நான்கு பக்கம் இருந்தது, குறுக்கு இல்லை. அதைப் பார்த்து 2400 என்று பெருக்கியது நாங்கள். ப-ப-கோ எழுதிய அதே தப்பு. அளவு எல்லாம் சரி, போதுமானதாக இல்லை.

பெரியவர் நீளப் பக்கங்களின் நடுப்புள்ளிகளில் ஆணி அடித்து, கயிறு கட்டி மனையைப் பிரித்தார். 40-க்கு 30 அளவில் இரண்டு சாய்ந்த இணைகரங்கள். தன் திருப்திக்காகச் சித்தப்பா ஒவ்வொன்றிலும் குறுக்கு அளந்து பார்த்தார். இரண்டும் ஒன்றாகவே இருந்தன.

யாரும் யாரிடமும் மன்னிப்புக் கேட்கவில்லை. எங்கள் வீட்டில் அந்தப் பழக்கம் இல்லை. சித்தப்பா டேப்பைச் சுற்றிப் பெரியவர் கையில் கொடுத்துவிட்டு, "அண்ணே, டீ சொல்லட்டுமா?" என்று அப்பாவைப் பார்த்துக் கேட்டார். இரண்டு வருஷத்தில் அதுதான் முதல் வார்த்தை. அப்பா, "சக்கரை கம்மியா" என்றார்.